அரசு கட்டடத்துல ஒரு அறைக்கு முன்னாள் எம்எல்ஏ பேரு வைக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலகத்துல வாசிப்பு அறை, ஆஸ்பத்திரியில ஒரு வார்டு, கோர்ட்டுல ஒரு கூடம், நகராட்சி ஆபீஸ்ல மீட்டிங் ஹால், இதுல ஏதாவது ஒண்ணுக்கு முன்னாள் எம்எல்ஏ இல்ல எம்பி ஒருத்தர் பேரை வைக்கலாம்னு ஒருத்தர் மனு குடுத்தா போதும், அதுக்கப்புறம் வர்ற கேள்விங்க உலகத்துல எங்க பார்த்தாலும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் இருக்கு. யாரு முடிவு பண்றது, உயிரோட இருக்கிறவர் பேரை வைக்கலாமா, நாளைக்கு ஆட்சி மாறினா என்ன ஆகும், இப்படித்தான் கேக்கறாங்க. திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை இங்க சேர்த்து எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் எழுதியிருக்கேன், சில இடத்துல என் சொந்த அபிப்பிராயமும் இருக்கும், அது எதுன்னு படிக்கும்போதே தெரிஞ்சிடும்.

முழு கட்டடத்துக்கும் வைக்காம ஒரு அறைக்கு மட்டும் வச்சா அவரைச் சின்னதாக்கின மாதிரி ஆகாதா?

ஆகாது. இந்தக் கேள்வியை பெரும்பாலும் அந்தத் தலைவர் மேல ரொம்பப் பாசம் வச்சவங்கதான் கேக்கறாங்க, அந்த வருத்தம் புரியுது, ஆனா ஒரு அறைக்கு வைக்கிற பேருல ஒரு நெருக்கம் இருக்கு, அது ஏழு மாடிக் கட்டடத்து நெத்தியில எழுதற பேருல வராது. கட்டடத்து மேல இருக்கிற பேரை ஜனங்க ரோட்டுல இருந்து பார்த்துட்டுப் போயிடுவாங்க. அறைக் கதவு பக்கத்துல இருக்கிற பேரை, உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னு காத்திருக்கிறவங்க படிப்பாங்க.

இன்னொரு விஷயம், ஒரு கட்டடத்துக்கு ஒரு பேருதான் வைக்க முடியும், ஆனா அதுக்குள்ள இருக்கிற அறைகளுக்கு எத்தனை பேரோட நினைவை வேணும்னாலும் குடுக்கலாம். அமெரிக்க செனட்டோட ரஸ்ஸல் ஆபீஸ் கட்டடத்தைப் பாருங்க. ரிச்சர்ட் ரஸ்ஸல் ஜார்ஜியா செனட்டர், 1933-ல இருந்து 1971-ல சாகுற வரைக்கும் பதவில இருந்தவர், கறுப்பின மக்களுக்கு சம உரிமை குடுத்த 1964 சட்டத்தை எதிர்த்து நின்னவங்களுக்குத் தலைமை தாங்கினவர். அதே கட்டடத்துக்குள்ள மூணாவது மாடியில ஒரு பெரிய கூடம் இருக்கு, டைட்டானிக் கப்பல் முழுகினதைப் பத்தி 1912-ல விசாரிச்சது அங்கதான், வாட்டர்கேட் விசாரணை 1973-ல நடந்ததும் அங்கதான். 1960-ல ஜான் கென்னடியும் 1968-ல ராபர்ட் கென்னடியும் ஜனாதிபதி தேர்தல்ல நிக்கப்போறோம்னு அறிவிச்சது அந்தக் கூடத்துல நின்னுதான். 2009 ஆகஸ்ட்ல எட்வர்ட் கென்னடி இறந்தாரு, அடுத்த மாசமே அந்தக் கூடத்துக்கு மூணு சகோதரர்களையும் சேர்த்து கென்னடி காகஸ் ரூம்னு பேரு வச்சாங்க, மூணு பேருமே செனட்டரா இருந்தவங்க. சம உரிமைச் சட்டத்தை எதிர்த்தவர் பேரு வெளிய இருக்கு, அதே சட்டத்துக்காக நின்ன குடும்பத்தோட பேரு உள்ள இருக்கு. முழு கட்டடத்துக்கும் ஒரே பேருதான்னு விட்டிருந்தா இந்த ரெண்டாவது கதைக்கு அங்க இடமே கிடைச்சிருக்காது.

அந்த அறைக்கும் அவருக்கும் சம்பந்தம் இருந்தே ஆகணுமா? நல்ல மனுஷர்னா போதாதா?

சட்டப்படி பார்த்தா பல இடத்துல அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. ஆனா என்னைக் கேட்டா இது ஒண்ணுதான் முக்கியம், மத்த கேள்வி எல்லாம் இதுக்கு அப்புறம்தான். காலியா இருக்கிற ஒரு ஹாலைப் பிடிச்சு, பிரபலமா இருக்கிற ஒரு பேரைப் பிடிச்சு, ரெண்டையும் ஒட்டி விட்டா அது பத்து வருஷத்துல வெறும் எழுத்தா போயிடும். "ஏன் இவர் பேரு இங்க?"னு ஒரு ஸ்கூல் பிள்ளை கேட்டா ஒரே வாக்கியத்துல பதில் சொல்ல முடியணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் லிண்டி பாக்ஸ். அவங்க வீட்டுக்காரர் ஹேல் பாக்ஸ் அமெரிக்க பிரதிநிதிகள் சபையில பெரிய தலைவர், 1972 அக்டோபர்ல அலாஸ்காவுல விமானத்தோட காணாமப் போயிட்டாரு. அடுத்த வருஷம் அந்த இடத்துக்கு நடந்த தேர்தல்ல லிண்டி ஜெயிச்சாங்க, லூசியானாவுல இருந்து அந்த சபைக்கு ஜெயிச்சு வந்த முதல் பெண் அவங்கதான். கடன் குடுக்கும்போது பாகுபாடு பார்க்கக் கூடாதுன்னு ஒரு மசோதா 1974-ல கமிட்டிக்கு வருது, இனம், வயசு எல்லாம் இருக்கு, பெண்ணுங்கிற காரணத்தால கடன் மறுக்கக் கூடாதுன்னு மட்டும் இல்ல. இவங்க எழுந்து பக்கத்து ரூமுக்குப் போய் அந்த வார்த்தைகளைத் தன் கையாலேயே எழுதிச் சேர்த்து, எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு வந்து மேஜை மேஜையா குடுத்து, இது கவனிக்காம விட்டுப்போனதாத்தான் இருக்கும், உங்களை எல்லாம் எனக்குத் தெரியுமேன்னு அமைதியா சொன்னாங்க. ஒருத்தராலயும் வேண்டாம்னு சொல்ல முடியல, சட்டத்துல அது ஏறிடுச்சு, அதுக்கப்புறம்தான் அங்க ஒரு பெண்ணுக்கு தன் பேர்ல கடன் வாங்கறது சட்டப்படி உரிமையாச்சு.

இப்ப அந்த அறைக்கு வருவோம். நாடாளுமன்றக் கட்டடத்துல எச் 235-ன்னு ஒரு அறை, ஜனாதிபதியா இருந்துட்டு அப்புறம் சாதாரண உறுப்பினரா திரும்பி வந்த ஜான் குவின்சி ஆடம்ஸ் 1848-ல உயிரை விட்டது அந்த அறையிலதான். 1960-கள்ல இருந்து பெண் உறுப்பினருங்க உட்கார்ந்து படிக்கவும் பேசவும் அதைத்தான் பயன்படுத்தினாங்க. 1991-ல அதுக்கு லிண்டி பாக்ஸ் பேரை வச்சாங்க. அந்தக் கட்டடத்துல ஒரு பெண்ணோட பேரு வச்ச முதல் அறை அதுதான், நாடாளுமன்றம் அங்க குடி வந்தது 1800-ல, கணக்கு போட்டுப் பாருங்க, 190 வருஷத்துக்கு மேல. பெண்கள் உட்கார்ற அறை, பெண்களுக்காக ஒரு வரி சேர்த்தவங்க பேரு. சம்பந்தம்னு நான் சொல்றது இதைத்தான்.

நம்ம பக்கமும் உதாரணம் இருக்கு. பேராசிரியர் க. அன்பழகன் பல தடவை எம்எல்ஏவா இருந்தவர், கல்வி அமைச்சராவும் நிதி அமைச்சராவும் இருந்தவர், 2020-ல இறந்தாரு. சென்னை நந்தனத்துல இருக்கிற நிதித்துறை வளாகத்துக்கு 2021-லயும், நுங்கம்பாக்கத்துல இருக்கிற பள்ளிக்கல்வி வளாகத்துக்கு 2022-லயும் அவர் பேரை வச்சாங்க. அவர் பார்த்த ரெண்டு துறை, ரெண்டு இடம், விளக்கமே தேவைப்படல. டெல்லியில நாடாளுமன்ற நூலகக் கட்டடத்துக்குள்ள இருக்கிற அரங்கத்துக்கு ஜி.எம்.சி. பாலயோகி பேரு, மக்களவை சபாநாயகரா பதவியில இருக்கும்போதே 2002 மார்ச்ல ஹெலிகாப்டர் விபத்துல போனவர், அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித். அவர் பேரைத் தாங்க சபைக்குப் பக்கத்துல இருக்கிற அரங்கத்தை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

இதை யாரு முடிவு பண்ணணும்?

கட்டடம் யார் கையில இருக்கோ அவங்க. நகராட்சி கட்டடம்னா நகர்மன்றம், மாநில அரசு கட்டடம்னா அரசு, சட்டமன்றக் கட்டடம்னா அந்த சபையோ சபாநாயகரோ. கட்டடம் ஒருத்தருது, பராமரிப்பு இன்னொருத்தருது, இடம் மூணாவது துறையோடதுன்னு இருந்தா மூணு பேர்கிட்டயும் எழுத்துல சம்மதம் வாங்கிக்கணும், இல்லன்னா போர்டு மாட்டின அன்னைக்கே ஒரு லெட்டர் வரும்.

முறைன்னு பார்த்தா ஒரு கோரிக்கை மனு, அதைப் பார்க்க ஒரு கமிட்டி, ஜனங்க ஆட்சேபணை சொல்ல சில வாரம் டைம், அப்புறம் மன்றத்துல தீர்மானம், கடைசியா ஆணை. இதுல ஆட்சேபணைக்கு டைம் குடுக்கிற படிதான் பல இடத்துல விட்டுப் போகுது, அவசரமா விழா தேதி குறிச்சுட்டு அப்புறம் தீர்மானத்தை முன்தேதி போட்டு எழுதறது நடக்குது, தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க, எவ்வளவு நல்லவர் பேரா இருந்தாலும் கோர்ட்டுக்குப் போனா முதல்ல உடையறது அந்த இடம்தான்.

அமெரிக்காவுல ஒரு போஸ்ட் ஆபீசுக்கு ஒருத்தர் பேரு வைக்கணும்னாகூட நாடாளுமன்றத்துல தனிச் சட்டம் போடணும், அதுவும் அந்த மாநிலத்துல இருந்து வந்த கீழ்சபை உறுப்பினருங்க எல்லாரும், ரெண்டு கட்சியும் சேர்த்து, கையெழுத்து போட்டாத்தான் கமிட்டி அதை எடுத்துக்கவே எடுத்துக்கும். கேக்கறதுக்குக் கொஞ்சம் அதிகமாத் தெரியும், ஆனா அந்த வழக்கத்துல ஒரு நியாயம் இருக்கு. எதிர்க்கட்சிக்காரரும் கையெழுத்து போட்ட பேரை அடுத்த ஆட்சி வந்து கழட்டாது.

உயிரோட இருக்கிறவர் பேரை வைக்கலாமா?

பொதுவா வேண்டாம்கிறது என் கருத்து. பதவியில இருக்கிறவர்னா கண்டிப்பா வேண்டாம். அவர் இன்னும் தேர்தல்ல நிப்பார், அந்த ஹால்லயே ஓட்டுப்பதிவு நடக்கலாம், சுவத்துல அவர் பேரு, அது எப்படி நியாயமாகும்? ஓய்வு பெற்றவர்னா கொஞ்சம் யோசிக்கலாம், லிண்டி பாக்ஸ் பேரை வச்சபோது அவங்க உயிரோடதான் இருந்தாங்க, ஆனா அந்த வருஷம்தான் பதவியை விட்டிருந்தாங்க, அப்புறம் 2013 வரைக்கும் இருந்தாங்க.

மனசைத் தொட்ட ஒரு விதிவிலக்கு இருக்கு. மிச்சிகன் செனட்டர் ஃபிலிப் ஹார்ட், செனட்டோட மனசாட்சின்னு கட்சி பார்க்காம எல்லாரும் சொன்னவர். 1976-ல அவருக்கு புற்றுநோய் முத்திடுச்சு, மறுபடி நிக்கலன்னு ஏற்கனவே சொல்லிட்டாரு. கட்டப்போற மூணாவது ஆபீஸ் கட்டடத்துக்கு அவர் பேரை வைக்கலாம்னு அந்த ஆகஸ்ட்லயே செனட் முடிவு பண்ணுச்சு, அவர் காதால கேக்கட்டும்னுதான் அவ்வளவு சீக்கிரம் பண்ணாங்க. டிசம்பர்ல இறந்துட்டாரு, கட்டடம் திறந்தது 1982-ல. இந்த மாதிரி ஒரு காரணம் இருந்தா விதியைத் தளர்த்தறதுல தப்பே இல்ல.

இறந்து எத்தனை வருஷம் கழிச்சு வைக்கலாம்?

அந்தந்த இடத்து விதியைப் பாருங்க, இல்லன்னா ரெண்டு மூணு வருஷமாவது விடுங்க. துக்கம் இருக்கும்போது வர்ற தீர்மானத்துல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, கேக்காத கேள்வி எல்லாம் பின்னாடி வரும்.

குடும்பத்துகிட்ட கேக்கணுமா?

கட்டாயம் கேக்கணும், முதல் ஆளா கேக்கணும், பத்திரிகையில பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டாங்கன்னு வரக் கூடாது. பேரோட எழுத்து, இனிஷியல், பிறந்த வருஷம் எல்லாம் அவங்கதான் சரியா சொல்லுவாங்க. ஆனா முடிவு அவங்களோடது இல்ல. அந்தக் குடும்பத்துல யாராவது இப்ப அதே மன்றத்துல உறுப்பினரா இருந்தா அவங்க அந்த விவாதத்துலயும் ஓட்டெடுப்புலயும் கலந்துக்காம வெளிய போய் உட்காரணும், அதை மினிட்ஸ்லயும் எழுதணும்.

அந்தக் கட்டடத்துக்கு நிதி வாங்கிக் குடுத்ததே அவர்தான், அதுக்கு மேல என்ன வேணும்?

இதை ரொம்ப உணர்ச்சியோட கேக்கறாங்க, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். தொகுதி நிதியா இருந்தாலும் அரசு ஒதுக்கீடா இருந்தாலும் அது ஜனங்க வரிப்பணம், அவர் பாக்கெட்ல இருந்து வந்தது இல்ல. சொந்தப் பணம் போட்ட ஒருத்தர் பேரு வைக்கிறது வேற கணக்கு, அதுக்குத் தனி ஒப்பந்தம் இருக்கும். எம்எல்ஏ பண்ணினது தன் வேலையைத்தான்.

அமெரிக்காவுல 2007-ல ஒரு சண்டை வந்துச்சு. நியூயார்க் உறுப்பினர் சார்லஸ் ராங்கல் பதவியில இருக்கும்போதே, அவர் பேர்லயே வரப்போற ஒரு கல்லூரி மையத்துக்கு அரசுப் பணம் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர் ஒதுக்கறதைப் பத்தி சபையிலயே கேள்வி எழுப்பினாங்க. நல்ல காரியத்துக்குத்தான் அந்த மையம், ஆனா தான் கேட்டு வாங்கற பணத்துல தன் பேருங்கிறது கண்ணை உறுத்திடுச்சு.

அதே நேரம், பணம் வாங்கினதுக்காக இல்லாம அதுக்காக அவர் பட்ட பாட்டுக்காக வைக்கலாம். பதினஞ்சு வருஷம் ஒரு நூலகத்துக்காக ஒவ்வொரு கூட்டத்தொடர்லயும் கேள்வி கேட்டவர், மத்தவங்க சலிச்சுக்கிட்டப்பவும் விடாதவர்னா அது வேற. சபைக் குறிப்புல அது எல்லாம் தேதியோட இருக்கும். மனு குடுக்கிறவங்க அதை எடுத்து இணைச்சாங்கன்னா பாதி எதிர்ப்பு அங்கயே அடங்கிடும், புகழ்ந்து பத்து பக்கம் எழுதறதை விட அவர் கேட்ட ரெண்டு கேள்வியோட நகல் பலமா பேசும்.

ஆட்சி மாறினா பேரை மாத்திடுவாங்களா?

மாத்தலாம், தீர்மானத்தால வந்தது இன்னொரு தீர்மானத்தால போகலாம். அதைத் தடுக்க சட்டத்தை விட ஏற்பாடுதான் உதவும். 1972-ல அமெரிக்க செனட் தன்னோட ரெண்டு ஆபீஸ் கட்டடத்துக்கும் ஒரே தீர்மானத்துல பேரு வச்சுது, ஒண்ணு ஜனநாயகக் கட்சி ரஸ்ஸலுக்கு, இன்னொண்ணு குடியரசுக் கட்சி எவரெட் டர்க்சனுக்கு. ஒரு கட்சிக்கு ஒண்ணு, யாருக்கும் மனத்தாங்கல் இல்ல. உங்க இடத்துலயும் ரெண்டு அறை இருந்தா ரெண்டு பேரைச் சேர்த்து யோசிக்கலாம்.

ஜெர்மனியில 2025-ல நடந்தது ஒண்ணு. 1933 மார்ச் 23, ஹிட்லருக்கு எல்லா அதிகாரத்தையும் தூக்கிக் குடுக்கிற சட்டம் நாடாளுமன்றத்துக்கு வருது, வெளிய உள்ள எல்லாம் நாஜிப் படை நிக்குது, அப்ப எழுந்து நின்னு எதிர்த்துப் பேசினவர் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ். எங்க உயிரையும் சுதந்திரத்தையும் எடுத்துக்கலாம், மானத்தை எடுத்துக்க முடியாதுன்னு சொன்னாரு. அங்க இருந்த அவர் கட்சிக்காரங்க 94 பேரும் எதிர்த்து ஓட்டு போட்டாங்க. பெர்லின் நாடாளுமன்றத்துல அந்தக் கட்சி கூடற அறைக்கு அவர் பேருதான். 2025 தேர்தல்ல அந்தக் கட்சி சுருங்கிடுச்சு, தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி ரெண்டாவது பெரிய கட்சியா வந்து, எங்களுக்குத்தான் ஆள் அதிகம், பெரிய அறை எங்களுக்குன்னு கேட்டுச்சு. ஆள் கணக்குப்படி அவங்க கேட்டதுல ஒரு வாதம் இருந்துச்சு, ஆனா அந்த அறை பேரு சும்மா ஒரு பேரு இல்லங்கிறது அப்பத்தான் எல்லாருக்கும் உறைச்சுது. கடைசியில அறை பழையவங்ககிட்டயே இருக்கட்டும்னு முடிவாச்சு. சரியான இடத்துல வச்ச பேரு இப்படி எத்தனையோ வருஷம் கழிச்சுக்கூட ஒரு வேலை செய்யுது.

பின்னாடி அவரைப் பத்தி மோசமான விஷயம் வெளிய வந்தா?

எடுக்கலாம், எடுத்திருக்காங்க. கனடாவுல பிரதமர் ஆபீஸ் இருக்கிற கட்டடத்துக்கு எக்டர் லாஞ்சவெங்கிற பழைய அரசியல்வாதி பேரு இருந்துச்சு, அந்த நாட்டை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர். பூர்வகுடி பிள்ளைங்களை வீட்டுல இருந்து பிரிச்சு வச்ச உறைவிடப் பள்ளி முறையில அவருக்கு இருந்த பங்கைச் சொல்லி பூர்வகுடி மக்கள் கேட்டாங்க, 2017 ஜூன்ல அந்தப் பேரை எடுத்துட்டாங்க, இப்ப அதுக்கு எந்தத் தலைவர் பேரும் இல்ல, உள்ள இருக்கிற அலுவலகங்களோட பேருதான். அமெரிக்க சபாநாயகரா இருந்த டென்னிஸ் ஹாஸ்டர்ட் மேல வழக்கு வந்து 2015-ல குற்றத்தை ஒத்துக்கிட்டதும் அவர் படத்தை சபை பக்கத்துல இருந்து கழட்டினாங்க, அவர் படிச்ச கல்லூரி அதுக்கு முன்னாடியே, வழக்கு வந்ததுமே, தன் மையத்துல இருந்து அவர் பேரை எடுத்துடுச்சு. ரஸ்ஸல் பேரை எடுத்துட்டு அந்தக் கட்டடத்துக்கு செனட்டர் ஜான் மெக்கெய்ன் பேரை வைக்கலாம்னு 2018-ல பேச்சு வந்துச்சு, அது நடக்கல.

இதுல நான் கவனிச்சது என்னன்னா, பேரை எடுக்கிறது எல்லாருக்கும் வலிக்குது, கேட்டவங்களுக்கும் வலிக்குது, குடும்பத்துக்கும் வலிக்குது. அதனால வைக்கிறதுக்கு முன்னாடியே ஒரு ஆளை உட்கார வச்சு அவர் போட்ட ஓட்டு, பேசின பேச்சு, கேஸ் ஏதாவது இருந்ததா, எல்லாத்தையும் படிக்கச் சொல்லுங்க. நல்லதை மட்டும் தேடாம அவரால கஷ்டப்பட்டவங்க யாராவது இருக்காங்களான்னும் கேளுங்க, அந்த ஜனங்களும் அதே வாசல் வழியாத்தான் உள்ள வரப் போறாங்க. தீர்மானத்துலயே, என்ன காரணத்துக்காக எந்த முறையில பேரை மறுபரிசீலனை பண்ணலாம்னு ஒரு பாரா எழுதிடறதும் நல்லது.

பலகையில என்ன எழுதணும்?

பெரும்பாலான பலகைங்க இந்த இடத்துலதான் கெட்டுப் போகுது. மேல திறந்து வச்சவர் பேரு பெருசா, அவர் பதவி, முன்னிலை வகிச்சவங்க ஆறு பேரு, தலைமை, வரவேற்பு, கீழ மூலையில சின்னதா யாருக்காக அந்த அறைக்குப் பேரு வச்சாங்களோ அவர் பேரு. படிக்கிறவருக்கு விழாவைப் பத்தித் தெரியும், மனுஷனைப் பத்தி ஒண்ணும் தெரியாது.

இங்கிலாந்து நாடாளுமன்றத்துல அடித்தளத்துல ஒரு சின்ன தேவாலயம் இருக்கு, அதை ஒட்டி விளக்குமாறு வைக்கிற ஒரு அலமாரி அறை. பெண்களுக்கு ஓட்டு இல்லாத காலம், 1911 ஏப்ரல் 2 ராத்திரி மக்கள்தொகை கணக்கெடுப்பு, எமிலி வைல்டிங் டேவிசன்ங்கிற பெண் அதுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டாங்க, அன்னைக்கு ராத்திரி என் முகவரி நாடாளுமன்றம்னு கணக்குல வரணும்னு. உறுப்பினரா ஆக முடியாத ஒருத்தர் அந்த இடத்துல தன் பேரைப் பதிஞ்ச விதம் அது. எண்பது வருஷம் கழிச்சு 1991-ல டோனி பென்ங்கிற எம்பி ஒரு பலகையைச் செஞ்சு எடுத்துட்டு வந்து தானே ஸ்க்ரூ போட்டு அந்த அறைக் கதவுக்கு உள்பக்கம் மாட்டினாரு. விழா இல்ல, ரிப்பன் இல்ல. யாரு, என்னைக்கு, எதுக்காக இங்க ஒளிஞ்சாங்கன்னு அதுல எழுதியிருக்கு. ஒரு துடைப்ப அறை அதோட வரலாற்று இடமாயிடுச்சு.

நான் சொல்ற அளவு இதுதான்: பேரு, பிறந்த இறந்த வருஷம், எந்தத் தொகுதிக்கு எந்த வருஷத்துல இருந்து எது வரைக்கும், அப்புறம் இந்த அறையோட அவருக்கு இருக்கிற உறவைச் சொல்ற ஒரே வாக்கியம். "இந்த ஊர் நூலகத்துக்காக இத்தனை ஆண்டு சபையில் குரல் கொடுத்தவர்"னு எழுதினா போதும், "தன்னலமற்ற தியாகச் செம்மல்"னு எழுதினா அது யாருக்கு வேணும்னாலும் பொருந்தும். பட்டம் எல்லாம் வேண்டாம், மாண்புமிகு வேண்டாம், அவர் கூட இருந்தவங்க அவரை எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்களோ அதுதான் பலகையிலயும் இருக்கணும். சாதிப் பேரு வால் மாதிரி ஒட்டியிருந்தா அதை விடுங்க, பொது இடத்துக்கு அது ஆகாது. திறந்து வச்சவர் பேரு வேணும்னா தேதியோட கீழ ஒரு வரி. எழுத்து நின்னு படிக்கிற உயரத்துல, சக்கர நாற்காலியில வர்றவரும் படிக்கிற மாதிரி இருக்கணும், பிரெய்ல் சேர்த்தா இன்னும் நல்லது.

அட்ரஸ், லெட்டர்ஹெட் எல்லாம் மாறுமா?

அறைக்குப் பேரு வச்சா எதுவும் மாறாது. அமெரிக்காவுல சட்டம் போட்டு பேரு வச்ச போஸ்ட் ஆபீஸ்லகூட உள்ள ஒரு பலகை மாட்டறதோட சரி, தபால் முகவரி பழையபடிதான் இருக்கும். மாத்த வேண்டியது அறை முன்பதிவு லிஸ்ட், வழிகாட்டி போர்டு, மேப், இவ்வளவுதான். செலவும் அதுக்குத்தான், ஒரு பலகையும் ரெண்டு மூணு போர்டும். விழாவைப் பெருசா பண்ணினாத்தான் பணம் ஓடும்.

ஜனங்க பழைய பேரையே சொன்னா என்ன பண்றது?

ஒண்ணும் பண்ண வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். நுங்கம்பாக்கம் வளாகத்தை இன்னும் டிபிஐன்னுதான் நிறைய பேரு சொல்றாங்க, எத்தனையோ வருஷ வழக்கம் அது. வாய்க்கு வர்றது சின்ன பேருதான். அதனால அறைக்குப் பேரு வைக்கும்போதே அது வாயில எப்படிப் புழங்கும்னு ஒரு தடவை சொல்லிப் பாருங்க, "மீட்டிங் எங்க?"னு கேட்டா ஆபீஸ் பையன் ஒரே மூச்சுல சொல்ற மாதிரி இருக்கணும். அமெரிக்க செனட் பக்கம் ஒரு பால்கனிக்கு செனட்டரா இருந்த பாப் டோல் பேரு வச்சிருக்காங்க, அவர் அங்க வெயில்ல உட்காருவாராம், அதனால எல்லாரும் டோல் பீச்னு கூப்பிட்டாங்க. அது மரியாதைக் குறைவே இல்ல, பாசம்.

அறைக்குப் பேரு வைக்காம வேற எப்படி நினைவு வைக்கலாம்?

நிறைய வழி இருக்கு. 2016-ல கொலை செய்யப்பட்ட இங்கிலாந்து எம்பி ஜோ காக்ஸுக்கு அடுத்த வருஷம் சபைக்குள்ளயே ஒரு கேடயம் மாட்டினாங்க, அவங்க பிள்ளைங்க சேர்ந்து யோசிச்ச வடிவம், நம்மள பிரிக்கிறதை விட சேர்க்கிறதுதான் அதிகம்னு அவங்க முதல் பேச்சுல சொன்னதோட சாரம் அதுல இருக்கு. ஒவ்வொரு விவாதத்துலயும் அது உறுப்பினருங்க கண்ணுல படுது.

எம்எல்ஏ பேரு மட்டும்தான் வைக்கணும்னும் இல்ல. 2011-ல அரிசோனாவுல ஒரு எம்பி ஜனங்களைச் சந்திச்ச கூட்டத்துல துப்பாக்கிச் சூடு நடந்து அவங்க ஊழியர் கேப் சிம்மர்மன் உயிரிழந்தார். 2013-ல நாடாளுமன்ற பார்வையாளர் மையத்துல ஒரு மீட்டிங் அறைக்கு அவர் பேரை வச்சாங்க, அந்த வளாகத்துல ஒரு ஊழியர் பேரு வச்ச முதல் அறை. தொகுதி ஆபீஸ்ல ஜனங்க மனுவை வாங்கிப் படிச்சு அலைஞ்சு திரிஞ்சு முடிச்சுக் குடுக்கிறவங்க பேரு எங்கயும் வர்றதில்ல, அதை நினைச்சுப் பார்க்கிற ஒரு மன்றம் இருந்தா எனக்கு ரொம்ப சந்தோஷம்.

கட்டடத்தையே இடிச்சா பேரு என்ன ஆகும்?

தீர்மானத்துல எழுதலன்னா பேரு கட்டடத்தோட போயிடும். புதுக் கட்டடத்துல அதே வேலைக்கு வர்ற அறைக்கு அந்தப் பேரைத் தொடரணுமா, இல்ல மறுபடி மன்றம் முடிவு பண்ணணுமான்னு முதல்லயே ஒரு வரி போட்டுடுங்க. அறையை ஸ்டோர் ரூமா மாத்தறதுக்கு முன்னாடி குடும்பத்துக்கும் மன்றத்துக்கும் தகவல் சொல்லணும்னும் சேர்த்துக்கோங்க, மூட்டை மூட்டையா பழைய ஃபைல் அடுக்கின அறை வாசல்ல ஒரு பெரிய மனுஷர் பேரு தொங்கறதை நான் பார்த்திருக்கேன், மனசு கேக்கல. பழைய பலகை ஸ்க்ராப்புக்குப் போகாம யார் கைக்குப் போகணும், வீட்டுக்கா, நூலகத்துக்கா, ஆவணக் காப்பகத்துக்கான்னும் அந்தத் தீர்மானத்துலயே எழுதிடுங்க.